வாடகையில் வீட்டுக்கும் ஒரு பங்கு உண்டு: உரிமையாளர்களுக்கும் அவர்களது சங்கங்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய வீட்டு உரிமையாளர்களுக்கும், உரிமையாளர் சங்கங்களின் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

பிறருடைய வீடுகளை அவர்கள் சார்பில் வாடகைக்கு விட்டு, வாடகை வசூலித்து, பழுது பார்த்துக் கணக்கு ஒப்படைப்பது என் தொழில். உரிமையாளருக்கும் குடியிருப்பவருக்கும் நடுவில் நிற்பதால் இரு தரப்புக் குறைகளும் முதலில் என் காதுக்கே வருகின்றன. உங்கள் கூட்டங்களில் வாடகைதாரர்களைப் பற்றிப் பேசப்படுபவை எனக்குப் புதியவை அல்ல. வாடகை தாமதமாகிறது, வீட்டைக் கெடுத்துவிட்டுப் போகிறார்கள், காலி செய்ய மறுக்கிறார்கள், சட்டமும் அவர்கள் பக்கமே சாய்கிறது என்ற குறைகளில் உண்மை இருக்கிறது. ஆனாலும் என் மேசைக்கு வரும் தகராறுகளில் பெரும்பாலானவற்றைக் கிளறிப் பார்த்தால், வீட்டை வாங்கிய நாளில் உரிமையாளர் போட்ட கணக்கில்தான் அவற்றின் வேர் கிடைக்கிறது. அந்தக் கணக்கில் விடுபட்ட தொகையை யாராவது ஒருவர் பின்னால் கொடுத்தாக வேண்டும். நடைமுறையில், ஒழுகும் கூரையாகவும் திரும்பி வராத முன்பணமாகவும் குடியிருப்பவரே அதைக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். இதைப் பற்றி உங்கள் சங்கங்கள் பேசுவதில்லை என்பதால் இம்மடலை எழுதுகிறேன்.

வீட்டின் விலையை 100 பங்கு என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 5 பங்கு வாடகை வருமென்றால் முதலீட்டுக்கு ஐந்து சதவீத வருமானம் என்று விற்பவர் சொல்வார், வாங்குபவரும் அதையே வீட்டில் போய்ச் சொல்வார். அது மொத்த வருமானம் மட்டுமே. ஆண்டில் ஒரே ஒரு மாதம் வீடு பூட்டிக் கிடந்தாலும் வாடகையில் 8.3 சதவீதம் போய்விடுகிறது. சொத்து வரி, காப்பீடு, குடியிருப்பு வளாகத்தின் மாதக் கட்டணம், தரகு, நிர்வாகக் கட்டணம், அவ்வப்போது வரும் சிறு பழுதுகள், பல ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் பெரும் பழுதுகளுக்கான ஒதுக்கீடு ஆகிய எல்லாவற்றையும் கழித்த பிறகு அந்த 5 பங்கு மூன்றரையாகவோ மூன்றாகவோ சுருங்கினால் அதில் வியப்பில்லை. வருமான வரி அதற்கும் பிறகுதான் வருகிறது. இந்தக் கழித்தல்களில் ஒன்றுகூட எதிர்பாராதது அல்ல. எந்த மாதத்தில் வரும் என்பது தெரியாதே தவிர, வரும் என்பது முன்பே தெரிந்ததுதான்.

கடன் வாங்கியிருந்தால் நிலைமை இன்னும் இறுக்கமானது. 100 பங்கு விலையில் 80 பங்கைக் கடனாகப் பெற்று, 9 சதவீத வட்டியில் 20 ஆண்டுகளில் அடைப்பதாக ஒப்புக்கொண்டால் ஆண்டுத் தவணை ஏறத்தாழ 8.6 பங்கு ஆகிறது. கையில் நிற்கும் வாடகை மூன்றரை. எஞ்சிய ஐந்து பங்கையும் உரிமையாளர் தம் சம்பளத்திலிருந்தோ வேறு வருமானத்திலிருந்தோ போட்டாக வேண்டும். அதாவது, தொடக்கத்தில் கைப்பணமாகப் போட்ட 20 பங்கில் கால்வாசிக்கு நிகரான தொகையை ஒவ்வோர் ஆண்டும் மறுபடியும் போட்டுக்கொண்டே இருக்கிறார். முதல் மாதத் தவணையில் ஆறில் ஐந்து பங்கு வட்டிக்கே போய்விடுவதால், கடன் குறைகிறது என்ற ஆறுதலும் தொடக்க ஆண்டுகளில் அதிகம் கிடைப்பதில்லை. மாறும் வட்டியில் வாங்கிய கடன் 9-இலிருந்து 11 சதவீதத்துக்கு ஏறினால், கடன் காலத்தை நீட்டாத வரையில், தவணை ஏழில் ஒரு பங்கு அளவுக்குக் கூடுகிறது. வாடகையை ஒரே நாளில் அப்படிக் கூட்ட முடியாது.

விலையேற்றம் இதையெல்லாம் ஈடுகட்டும் என்று நம்புபவர்கள் உண்டு. விலை 10 சதவீதம் ஏறினால் கைப்பணமான 20 பங்கு 30 ஆகிறது என்பது சரிதான். அதே விலை 10 சதவீதம் இறங்கினால் 20 பங்கு 10 ஆகிவிடுகிறது என்பதும் அதே கணக்கின் மறுபாதி. 2008-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்காவில் வீட்டு விலைகள் சரிந்தபோது, வீட்டின் மதிப்பைவிடக் கடன் பாக்கி அதிகமாகிப்போன குடும்பங்கள் ஏராளம். அவர்களில் வாடகைக்கு விடுவதற்காக வாங்கியவர்களும் இருந்தார்கள். வாடகையை ஒழுங்காகச் செலுத்திவந்தும், உரிமையாளரின் கடன் முறிந்ததால் வீட்டை விட்டு வெளியேற வேண்டிவந்த வாடகைதாரர்களும் இருந்தார்கள். இதையும் நாம் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

மாதந்தோறும் கையைக் கடிக்கும்போது உரிமையாளர் எதைக் குறைப்பார்? தவணையைக் குறைக்க முடியாது, வங்கி விடாது. வரியைத் தள்ளிப்போட்டால் அபராதம். தள்ளிப்போட்டால் உடனே யாரும் கேட்காத செலவு ஒன்றே ஒன்றுதான், அது பழுது. ஆகவே கூரைக்கு நீர்த்தடுப்புப் பூச்சு அடுத்த ஆண்டுக்குப் போகிறது. பழைய மின்கம்பிகளை மாற்றும் வேலை அடுத்த குடித்தனம் வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று நிற்கிறது. இதைக் கஞ்சத்தனம் என்று பலர் நினைக்கிறார்கள். நான் பார்த்தவரையில் பெரும்பாலும் அது கஞ்சத்தனம் அல்ல, பணம் உண்மையாகவே இல்லாத நிலை. அந்த நிலையை உண்டாக்கியது வாங்கிய நாளின் கணக்கு.

பழுதுக்கு எவ்வளவு ஒதுக்குவது என்ற கேள்விக்கு, வீட்டு விலையில் ஆண்டுக்கு ஒரு சதவீதம் என்ற விதி பல இடங்களில் சொல்லப்படுகிறது. எளிமையாக இருப்பதாலேயே அது பரவியது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. விலையில் நிலமும் சேர்ந்திருக்கிறது, நிலத்துக்கு வண்ணம் பூச வேண்டியதில்லை. ஒரே வரைபடத்தில் ஒரே ஆண்டில் கட்டிய இரண்டு வீடுகளில் ஒன்று நகரின் நடுவிலும் மற்றொன்று புறநகரிலும் இருந்தால் விலை மூன்று மடங்கு வேறுபடலாம், ஆனால் இரண்டின் கூரைக்கும் ஆகும் செலவு ஏறக்குறைய ஒன்றே. விலையை வைத்துக் கணக்கிட்டால் நடு நகரத்து உரிமையாளர் தேவைக்கு மேல் ஒதுக்குவார், புறநகர் உரிமையாளர் போதாமல் ஒதுக்குவார். அரசுகள்கூட வரிக்கணக்கில் இந்த இரண்டையும் பிரித்தே வைத்திருக்கின்றன. அமெரிக்காவில் 1986-இன் வரிச் சீர்திருத்தச் சட்டத்துக்குப் பிறகு வாடகைக் குடியிருப்புக் கட்டடத்தின் தேய்மானம், அதாவது கட்டடம் தேய்வதற்காக வரிக்குரிய வருமானத்திலிருந்து ஆண்டுதோறும் கழித்துக்கொள்ளும் தொகை, 27.5 ஆண்டுகளுக்குக் கணக்கிடப்படுகிறது, நிலத்துக்குத் தேய்மானமே கிடையாது. ஜெர்மனியில் பெரும்பாலான குடியிருப்புக் கட்டடங்களுக்கு ஆண்டுக்கு 2 சதவீதமாகவும், 2023 முதல் கட்டி முடிக்கப்பட்டவற்றுக்கு 3 சதவீதமாகவும் அது இருக்கிறது. வரிக்கான இந்த ஆண்டுகள் கட்டடத்தின் உண்மையான ஆயுள் அல்ல என்றாலும், தேய்வது கட்டடம்தான் என்ற அடிப்படை அவற்றில் தெளிவாக இருக்கிறது.

என் உரிமையாளர்களிடம் நான் கேட்டுக்கொள்வது வேறு வழி. வீட்டில் தேயக்கூடியவற்றை ஒரு தாளில் எழுதுங்கள்: கூரையின் நீர்த்தடுப்புப் பூச்சு, வெளிச்சுவர் வண்ணம், உள் வண்ணம், நீரேற்றும் மோட்டார், வெந்நீர்க் கருவி, குழாய்கள், மின்கம்பிகள், கழிவறைப் பொருத்துகள், கதவு ஜன்னல்கள். ஒவ்வொன்றையும் இன்று மாற்றினால் என்ன செலவு, இன்னும் எத்தனை ஆண்டு தாங்கும் என்று ஒரு கொத்தனாரையோ பொறியாளரையோ கேட்டு எதிரே குறித்துக்கொள்ளுங்கள். முதல் எண்ணை இரண்டாம் எண்ணால் வகுத்து எல்லாவற்றையும் கூட்டினால், வாடகையில் ஆண்டுதோறும் வீட்டுக்குச் சேர வேண்டிய பங்கு வந்துவிடும். அதைத் தனி வங்கிக் கணக்கில் போடுங்கள். வாடகை வரும் கணக்கிலேயே விட்டுவைத்தால் அது மிச்சப் பணம் போலத் தோன்றும், தோன்றிய மறுமாதமே செலவாகிவிடும். அடுக்குமாடியில் வாங்குவதாக இருந்தால், வளாகச் சங்கத்தின் ஒதுக்கு நிதி எவ்வளவு, மின்தூக்கிக்கும் பொதுக் கூரைக்கும் கடைசியாக எப்போது செலவு செய்தார்கள் என்பதை விலை பேசுவதற்கு முன்பே கேளுங்கள். நிதியில்லாத வளாகத்தில் வீடு வாங்குபவர், முந்தைய உரிமையாளர்கள் கட்டாமல் விட்ட பங்கையும் சேர்த்தே வாங்குகிறார்.

நீரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் வீட்டைக் கெடுப்பதில் அதற்கு இணையானது எதுவுமில்லை. கூரையில் விழுந்த மயிரிழை வெடிப்பு வழியே இறங்கும் ஈரம் கான்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்புக் கம்பியைத் தொட்டால் கம்பி துருப்பிடிக்கிறது. துரு, தான் தோன்றிய இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைப்பதால் உள்ளிருந்து கான்கிரீட்டைப் பிளக்கிறது. வெடிப்பை அடைக்கும் செலவில் முடிந்திருக்க வேண்டியது, தளத்தை உடைத்துப் பூசும் செலவாக வளர்வது இப்படித்தான். அதற்குள் உட்சுவரில் பூசணம் படர்ந்திருக்கும். ஜன்னலைத் திறப்பதில்லை, உள்ளே துணி காயப்போடுகிறார்கள் என்று உரிமையாளர் சொல்வார். சில வீடுகளில் அது உண்மையும்கூட. ஆனால் வெளிச்சுவரும் கூரையும் குழாய்களும் ஈரத்தை உள்ளே விடவில்லை என்று சோதித்துப் பார்க்காமல் அப்படிச் சொல்ல நமக்கு உரிமையில்லை. ஈரமும் பூசணமும் மூச்சுக்கோளாறுகளோடும் ஆஸ்துமாவோடும் தொடர்புடையவை என்று உலக சுகாதார நிறுவனம் 2009-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்களிலேயே பதிவாகியிருக்கிறது. இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் 2020-இல் இறந்த ஒரு குழந்தையின் மரணத்துக்கு வாடகைக் குடியிருப்பில் நெடுநாள் இருந்த பூசணமே காரணம் என்று 2022-இல் மரண விசாரணை முடிவு செய்தது. உள்ளாட்சிகளும் வீட்டுவசதி அமைப்புகளும் குறைந்த வாடகைக்கு விடும் சமூக வாடகை வீடுகளில் இத்தகைய அபாயங்களைக் காலக்கெடுவுக்குள் சரிசெய்ய வேண்டும் என்பதற்கான சட்ட ஏற்பாடு அடுத்த ஆண்டே அங்கே வந்தது.

முன்பணத்துக்கு வருகிறேன். காலி செய்யும் நாளில் எழும் சச்சரவுகளில் இதைவிடக் கசப்பானது வேறில்லை. சுவரில் கறை, கதவில் கீறல், குழாயில் உப்பு என்று உரிமையாளர் அடுக்குகிறார். நான் வந்தபோதே அப்படித்தான் இருந்தது என்கிறார் வாடகைதாரர். இருவரிடமும் சான்று இல்லை. ஆனால் கறையும் கீறலும் பல வேளைகளில் சாக்குத்தான். முன்பணம் ஏற்கெனவே வீட்டுத் தவணைக்கோ வேறு கடனுக்கோ போய்விட்டது என்பதும், அடுத்து வருபவர் முன்பணம் கொடுத்தால்தான் போகிறவருக்குக் கொடுக்க முடியும் என்பதும் உள்ளே இருக்கும் உண்மை. ஒருவர் நம்பி ஒப்படைத்த தொகையை வட்டியில்லாக் கடனாக எடுத்துக்கொண்டதை ஒப்புக்கொள்வதைவிடச் சுவரைக் குறை சொல்வது எளிது.

வேறு நாடுகள் இதை எப்படிக் கையாளுகின்றன என்பதை உங்கள் சங்கங்கள் பார்க்க வேண்டும். ஜெர்மனியில் முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக்கூடாது; அதை உரிமையாளர் தம் சொந்தப் பணத்தோடு கலக்காமல் தனியே வைப்பில் போட வேண்டும், அதன் வட்டியும் வாடகைதாரருக்கே சேரும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2007 ஏப்ரல் முதல் தனியார் உரிமையாளர்களின் பெரும்பாலான வாடகை ஒப்பந்தங்களுக்கான முன்பணம் அரசு அங்கீகரித்த பாதுகாப்புத் திட்டம் ஒன்றில் சேர்ந்தாக வேண்டும். மாநிலங்கள் ஏற்றுச் சட்டமாக்குவதற்காக இந்திய ஒன்றிய அரசு 2021-இல் வெளியிட்ட மாதிரி வாடகைச் சட்டம், குடியிருப்புகளுக்கு இரண்டு மாத வாடகையை உச்சவரம்பாக வைத்திருக்கிறது. ஜப்பான் 2020-இல் நடைமுறைக்கு வந்த உரிமையியல் சட்டத் திருத்தத்தில், இயல்பான பயன்பாட்டால் வரும் தேய்வைச் சரிசெய்யும் பொறுப்பு வாடகைதாரருக்கு இல்லை என்று எழுத்தில் வைத்துவிட்டது.

அந்தக் கடைசி விதியை எல்லா உரிமையாளர்களும் மனத்தில் கொள்ள வேண்டும். வெயிலில் மங்கிய வண்ணம் தேய்வு. சுவரில் அடித்த பெரிய ஓட்டை சேதம். சேதத்துக்குக்கூட முழு விலையைக் கேட்பது நியாயமாகாது. ஐந்து ஆண்டு தாங்கும் வண்ணப்பூச்சு நான்காம் ஆண்டின் முடிவில் கெடுக்கப்பட்டால், எஞ்சியிருந்த ஐந்தில் ஒரு பங்கைத்தான் வாடகைதாரரிடம் கேட்க முடியும். மற்ற நான்கு பங்கை ஏற்கெனவே வாடகையாக அவர் கொடுத்துவிட்டார். குடிவரும் நாளில் அறை அறையாகப் படம் எடுத்து, பொருள்களின் நிலையை எழுதி, இருவரும் கையொப்பமிட்டு ஆளுக்கொரு படி வைத்துக்கொண்டால் இந்தச் சச்சரவில் பாதி எழாமலேயே போய்விடும். இதற்கான படிவம் ஒன்றைச் சங்கங்களே அச்சிட்டு உறுப்பினர்களுக்குக் கொடுக்கலாம். அதற்கு எந்தச் சட்டமும் வரக் காத்திருக்க வேண்டியதில்லை.

வாடகை உயர்வு குறித்தும் ஒரு கணக்கு. மாத வாடகை 100 பங்கு என்றும், நல்லபடியாகக் குடியிருப்பவரிடம் 5 பங்கு கூட்டிக் கேட்டதால் அவர் போய்விட்டார் என்றும் கொள்வோம். வீடு ஒரு மாதம் காலியாக நின்று, தரகுக்கும் வண்ணப்பூச்சுக்கும் இன்னொரு மாத வாடகை அளவு செலவானால் இழப்பு 200 பங்கு. புதியவர் அந்தக் கூடுதல் 5 பங்கைத் தவறாமல் கொடுத்தாலும் இழப்பு மீள 40 மாதங்கள் ஆகும். பல குடித்தனங்கள் அவ்வளவு நாள் நீடிப்பதில்லை. வாடகையை உயர்த்தவே கூடாது என்று நான் சொல்லவில்லை. செலவுகள் ஏறும்போது வாடகையும் ஏறத்தான் வேண்டும். எப்போது, எந்த அளவுகோலில் ஏறும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிட்டால், தவணை இடிக்கும் மாதத்தில் திடீரென்று கதவைத் தட்டிக் கேட்க வேண்டியிருக்காது.

குடிவருபவரைத் தேர்ந்தெடுப்பதில், அவருடைய வருமானத்துக்கு இந்த வாடகை தாங்குமா, முந்தைய வீட்டில் எப்படி இருந்தார் என்ற இரண்டையும் தவிர மற்றதெல்லாம் நம் வேலைக்கு வேண்டாதவை. இனம், மதம், பிறந்த நாடு ஆகியவற்றைக் காட்டி வீடு மறுப்பதை அமெரிக்கா 1968-இலேயே தடை செய்தது. குழந்தைகள் இருக்கும் குடும்பங்களையும் மாற்றுத்திறனாளிகளையும் 1988-இல் அந்தப் பாதுகாப்புக்குள் கொண்டுவந்தது. அறம் ஒருபுறம் இருக்கட்டும், வரக்கூடியவர்களில் பாதிப் பேரை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டு வீடு காலியாகக் கிடக்கிறது என்று என்னிடம் குறைபடுவதில் பொருளில்லை.

சட்டங்கள் உங்களை நெருக்குகின்றன என்ற குறையில் ஒரு பகுதி நியாயமானது. சான்பிரான்சிஸ்கோ நகரம் 1994-இல் வாடகைக் கட்டுப்பாட்டைப் பழைய சிறு குடியிருப்புக் கட்டடங்களுக்கும் விரிவாக்கியதை ஆராய்ந்த பொருளியலாளர்கள், அதற்குள் வந்த உரிமையாளர்கள் வாடகைக்கு விடும் வீடுகளை 15 சதவீதம் குறைத்துவிட்டார்கள் என்று 2019-இல் எழுதினார்கள். ஏற்கெனவே குடியிருந்தவர்களுக்கு அது நன்மை செய்தது என்பதும் அதே ஆய்வில் இருக்கிறது. கண்மூடித்தனமான கட்டுப்பாடு வீடுகளைச் சந்தையிலிருந்து விரட்டும் என்று நீங்கள் வாதிடும்போது நானும் உடன்படுகிறேன். ஆனால் முன்பணத்தைத் தனியே வை, கூரையைச் சரிசெய், முன்கூட்டிச் சொல்லாமல் வீட்டுக்குள் நுழையாதே என்று சொல்லும் விதிகளையும் அதே மூச்சில் எதிர்க்கும்போது உங்கள் வாதம் வலுவிழந்துவிடுகிறது.

என் தொழிலைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை, சக நிர்வாகிகள் கோபித்துக்கொண்டாலும் சரி. புதிய குடித்தனம் பிடித்துக் கொடுப்பதற்குப் பெரிய தொகையும் மாத நிர்வாகத்துக்குச் சிறு தொகையும் வாங்கும் நிர்வாகிக்கு, உங்கள் வாடகைதாரர் அடிக்கடி மாறுவதில்தான் ஆதாயம். கட்டணத்தை வசூலான வாடகையோடு பிணைத்து, பழுதுக்கான பட்டியலை அசல் ரசீதுகளோடு கேட்டுப் பெறுங்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டு, என் வீட்டில் இந்தப் பங்கை ஒதுக்க இடமே இல்லை என்று சொல்லப்போகும் உரிமையாளர்களும் இருப்பார்கள். அவர்களுக்கு இரண்டு வழிகள் உண்டு. கையிலுள்ள சேமிப்பையோ வேறு சொத்தை விற்ற பணத்தையோ கொண்டு அசலில் ஒரு பகுதியை அடைத்துத் தவணையைக் குறைக்கலாம். இல்லையென்றால் வீட்டை விற்றுவிடலாம். குடியிருப்பவரை வெளியேற்றித்தான் விற்க வேண்டும் என்பதில்லை. நடப்பிலுள்ள ஒப்பந்தத்தையும், வாங்கிய முன்பணத்தையும், குடிவந்த நாளின் படங்களையும் பத்திரப் பதிவின்போதே புதிய உரிமையாளரிடம் எழுத்து மூலம் ஒப்படைத்து, அதன் படி ஒன்றை வாடகைதாரருக்கும் கொடுத்து விற்கலாம். வாடகைக்கு விடவே வாங்குபவருக்கு, ஒழுங்காக வாடகை கட்டும் குடித்தனம் அமைந்திருக்கும் வீடு கூடுதல் மதிப்புள்ளது.

சங்கங்களின் பொறுப்பாளர்கள் அடுத்த பொதுக்குழுவில், தேய்மானத் தாள், குடிவரும் நாள் படிவம், முன்பணத்துக்குத் தனி வங்கிக் கணக்கு என்ற மூன்றையும் தீர்மானமாக முன்வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். மாதிரித் தாள்களைத் தயாரித்துக் கொடுக்கவும், கூட்டத்துக்கு வந்து கேள்விகளுக்குப் பதில் சொல்லவும் நான் அணியமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
வாடகை வீடுகளை நிர்வகிப்போரில் ஒருவன்